குறியீடுகளால் ஆன ஒரு கணிப்பொறி மொழி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்

கணக்கைச் சொற்களாலேயே எழுதிய காலம் ஒன்று இருந்தது. "ஓர் எண்ணுடன் மூன்றைக் கூட்டினால் வருவது பத்துக்குச் சமம்" என்பது போல வாக்கியம் வாக்கியமாக எழுதியே அக்காலக் கணித அறிஞர்கள் சிந்தித்து வந்தனர். 1557-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த இராபர்ட் ரெக்கார்டு என்பவர், 'சமம்' என்பதைத் திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்க, ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளை அச்சொல்லுக்குப் பதிலாக இட்டார். அன்று பிறந்த '=' என்னும் குறியை இன்று தொடக்கப் பள்ளிக் குழந்தையும் போடுகிறது. அக்குழந்தை வீட்டில் பேசுவது தமிழா, சப்பானிய மொழியா என்று அந்தக் குறி கேட்பதில்லை.

கணிதத்துக்கு வாய்த்த இந்தப் பேறு கணிப்பொறிக்கு அவ்வளவாக வாய்க்கவில்லை. இன்று பெருவழக்கில் உள்ள நிரல் மொழிகள் பெரும்பாலும் 'இஃப்', 'எல்ஸ்', 'வைல்', 'ரிட்டர்ன்' முதலிய ஆங்கிலச் சொற்களைக் கொண்டே அமைந்துள்ளன. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் என்னைப் போன்றோர்க்கு இதனால் இரட்டைச் சுமை ஏற்படுகிறது. கணக்கைப் புரிந்து கொள்வது ஒன்று. அக்கணக்கைச் சொல்லும் ஆங்கிலத்தைப் புரிந்து கொள்வது மற்றொன்று. இரண்டில் எது தடுக்கிறது என்று பிரித்து அறிவதற்குள்ளாகவே, "எனக்குக் கணிப்பொறி வராது" என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறோம். வராதது கணிப்பொறியா, ஆங்கிலமா?

இதனைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆங்கிலச் சொல் இல்லாத நிரல் மொழி ஒன்றில் கணக்குப் போட்டுப் பார்ப்பதே அது. அத்தகைய மொழி 1960-களிலேயே தோன்றிவிட்டது. அதன் பெயர் ஏ.பி.எல். அம்மொழிக்கெனக் 'க்னூ ஏ.பி.எல்.' என்ற மென்பொருள் உள்ளது. அதனை எவரும் காசின்றிப் பெறலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். கடந்த ஓராண்டாக நான் பயன்படுத்தி வரும் அம்மென்பொருளைப் பற்றி நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்ணையிலிருந்து வந்தவர்

இம்மொழியைப் படைத்தவர் கென்னத் ஐவர்சன். 1920-இல் கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் பிறந்தவர். ஒரே அறை கொண்ட கிராமப் பள்ளியில் படித்தார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டார். அப்போது உலகெங்கும் பெரும் பொருளாதார மந்தம் நிலவியது. குடும்பத்தின் பண்ணையில் வேலை காத்திருந்தது. பண்ணையில் இருந்துகொண்டே, பாடநூல் ஒன்றைத் துணையாகக் கொண்டு நுண்கணிதத்தைத் தாமே கற்றார். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவின் விமானப் படையில் பணியாற்றியபடி அஞ்சல் வழியில் பள்ளிப் பாடங்களைப் படித்தார். போர் முடிந்ததும், முன்னாள் படைவீரர்களுக்கு அரசு அளித்த உதவியைக் கொண்டு குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1950-இல் பட்டம் பெற்றார். 1954-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

ஹார்வர்டிலேயே ஆசிரியராகப் பணியாற்றியபோது, கணிப்பொறி செய்யும் செயல்களை மாணவர்க்குக் கரும்பலகையில் விளக்குவதற்கு வழக்கமான கணிதக் குறியீடுகள் போதவில்லை என்று கண்டார். எனவே தாமே ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். 1960-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். 1962-இல் அம்முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. அந்நூலின் பெயருக்கு 'ஒரு நிரல் மொழி' என்று பொருள். அப்பெயரில் உள்ள மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே ஏ, பி, எல் ஆகியவை.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இது முதலில் மனிதருக்கு மனிதர் விளக்குவதற்காகப் பிறந்த எழுத்து முறை. பின்னரே அது கணிப்பொறிக்குச் சென்றது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆடின் ஃபால்காஃப் முதலியோர் அவருடன் இணைந்தனர். 1966-ஆம் ஆண்டின் இறுதியில் 'சிஸ்டம் 360' கணிப்பொறியில் இம்மொழி இயங்கத் தொடங்கியது. இப்பணிக்காக 1979-இல் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த விருதாகிய டூரிங் விருது ஐவர்சனுக்கு வழங்கப்பட்டது. குறியீடு என்பது சிந்தனைக்கே ஒரு கருவி என்பதுதான் அவ்விழாவில் அவர் ஆற்றிய உரையின் பொருள். அவர் 2004-இல் மறைந்தார்.

மொழி இயங்கும் விதம்

க்னூ ஏ.பி.எல். ஓர் 'இன்டர்பிரிட்டர்' ஆகும். நாம் ஒரு வரி எழுதினால், அதற்குப் பொருள் கண்டு உடனே விடை சொல்லும் மென்பொருளுக்கு இப்பெயர். முழு நிரலையும் எழுதி முடித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கரும்பலகையில் ஆசிரியர் ஒரு வரி எழுத, அடுத்த வரியை மாணவர் எழுதுவது போன்றது இது.

நான்கு பாடங்களில் ஒரு மாணவர் பெற்ற மதிப்பெண்களை எடுத்துக் கொள்வோம்.

∆←62 71 55 80

அம்புக்குறி, வலப்புறம் உள்ளவற்றை இடப்புறம் உள்ள பெயரில் வைக்கச் சொல்கிறது. முக்கோணம் இங்கே ஒரு பெயர், அவ்வளவே. நான்கு எண்களும் ஒரே பொருளாக அதில் அடங்கிவிட்டன. இனி,

+/∆

என்று எழுதினால் 268 என்று விடை வரும். சாய்கோடு, தன் இடப்புறம் உள்ள செயலை எண்களுக்கு இடையிடையே நுழைக்கிறது. அதாவது 62+71+55+80 என்றாகிறது. கூட்டல் குறியின் இடத்தில் பெருக்கல் குறியை வைத்தால் நான்கின் பெருக்கற்பலன் வரும். ஒரு குறியைக் கற்றால் பல செயல்கள் கைவருகின்றன.

∆≥60

என்று கேட்டால் 1 1 0 1 என்று விடை வருகிறது. அறுபதோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 1, இல்லாத இடத்தில் 0. அந்த ஒன்றுகளைக் கூட்டினால், அதாவது +/∆≥60 என்றால், 3. எத்தனை பாடங்களில் முதல் வகுப்பு என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வேறு மொழிகளில் இதற்கு ஒரு சுற்று, அதனுள் ஒரு நிபந்தனை, ஓர் எண்ணி என்று பல வரிகள் எழுதிப் பழகியவர்கள் இதன் சுருக்கத்தை உணர்வார்கள்.

(+/∆)÷⍴∆

இது சராசரி. கொக்கி போல் வளைந்த ⍴ என்ற குறி, எத்தனை எண்கள் உள்ளன என்று சொல்கிறது. விடை 67.

இம்மொழியில் எல்லாரும் முதலில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பெருக்கலுக்குக் கூட்டலைவிட முன்னுரிமை கிடையாது. ஒவ்வொரு செயலும் தனக்கு வலப்புறம் உள்ள அனைத்தையும் எடுத்துக் கொள்ளும். ஆகவே 3×4+5 என்பதற்கு இங்கே விடை 17 அன்று, 27. முதலில் 4+5, பின்னர் மூன்றால் பெருக்கல். செயற்குறிகள் ஏராளமாக உள்ள மொழியில் ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை வரிசை வகுத்தால் அதை யாராலும் நினைவில் வைக்க இயலாது. எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்பது அதனால் வந்த ஏற்பாடு.

இன்னும் ஒரே ஓர் எடுத்துக்காட்டு. 20 வரை உள்ள பகா எண்களைத் தரும் வரி இது:

(2=+⌿0=(⍳20)∘.|⍳20)/⍳20

பார்த்தவுடன் மிரட்சி தோன்றும். வலமிருந்து பொறுமையாகப் படிப்போம். ⍳20 என்பது 1 முதல் 20 வரை உள்ள எண்கள். ∘.| என்பது அவ்வெண்கள் ஒவ்வொன்றையும் அவ்வெண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்து, மீதிகளை 20 நிரை, 20 நிரல் கொண்ட ஓர் அணியாகத் தருகிறது. 0= என்பது மீதி இல்லாத இடங்களில் 1 இடுகிறது. +⌿ என்பது ஒவ்வொரு நிரலையும் கூட்டி, ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை வகுத்திகள் என்று சொல்கிறது. 2= என்பது சரியாக இரண்டே வகுத்திகள் உள்ளவற்றைக் குறிக்கிறது. கடைசிச் சாய்கோடு அவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. விடை 2 3 5 7 11 13 17 19. பகா எண்ணுக்குப் பள்ளியில் நாம் கற்ற வரையறை எதுவோ, அதுவே நிரலாகவும் நிற்கிறது. இதைப் படிக்க எனக்குத் தேவைப்பட்டது கணிதம் மட்டுமே.

குறிகளைத் தட்டுவது எங்ஙனம்?

இத்தனை குறிகளுக்கும் விசைப்பலகையில் இடம் ஏது என்று கேட்கலாம். 1960-களில் ஐ.பி.எம். தட்டச்சுப் பொறியில் எழுத்துகள் யாவும் கோல்ஃப் பந்து அளவுள்ள ஓர் உருண்டையின் மேல் பொறிக்கப்பட்டிருந்தன. உருண்டையை மாற்றினால் எழுத்தும் மாறும். ஏ.பி.எல்.லுக்கெனத் தனி உருண்டை செய்தார்கள். அதில் 88 எழுத்துகளுக்கே இடம் இருந்தமையால், சில குறிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை அடித்து உண்டாக்கினார்கள். வட்டத்தின் மேல் நெடுங்கோடு அடித்தால் ⌽ என்ற குறி கிடைக்கும்; தொடரை முன்பின்னாகத் திருப்பும் செயல் அது. கண்ணாடியில் திருப்பிப் பார்ப்பது போலவே அதன் வடிவமும் அமைந்துள்ளது.

இன்று உருண்டை தேவையில்லை. லினக்ஸ் இயக்கமுறையில் ஏ.பி.எல். விசை அமைப்பு உண்டு. ஒரு விசையை அழுத்திக்கொண்டு மற்றொன்றைத் தட்டினால் குறி வந்துவிடும். எந்தக் குறி எந்த விசையில் என்று காட்டும் படத்தை இன்டர்பிரிட்டரே ஒரு கட்டளைக்குத் திரையில் வரைந்து காட்டுகிறது. தமிழ்த் தட்டச்சுப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஆங்கிலம் பொறித்த விசைகளில் தமிழைத் தேடிக் கற்றுக்கொண்ட விரல்களுக்கு இன்னும் சில குறிகள் பெரும் பாரமாகா.

'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து?

எண்களோடு மட்டுமன்றி எழுத்துகளோடும் இம்மொழி இயங்கும். ⍴'தமிழ்' என்று கேட்டேன். 5 என்று விடை வந்தது. த, மி, ழ் என மூன்று எழுத்துகள் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். ஐந்து எங்கிருந்து வந்தது?

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தந்திருக்கும் யூனிகோடு முறையில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு எண்கள். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு. ஆகவே 'தமிழ்' என்பது கணிப்பொறிக்கு 2980 2990 3007 2996 3021 என்ற ஐந்து எண்களே. ஏ.பி.எல். குறிகளும் இதே யூனிகோடு அட்டவணையில்தான் இடம் பெற்றுள்ளன.

எண்களாகிவிட்டால் அவை கணக்குக்கு உட்பட்டவை. உயிர், ஆய்தம், உயிர்மெய்யின் அடிவடிவம் ஆகியவை அனைத்தும் 3006-க்குக் கீழே வருகின்றன. துணைக் குறிகளும் புள்ளியும் 3006-இல் தொடங்கி மேலே செல்கின்றன. எனவே அவ்வெண்களை ∆ என்ற பெயரில் வைத்துக்கொண்டு,

+/∆<3006

என்றால் 3 என்று சரியான விடை வந்துவிடுகிறது.

பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்தில் யாப்பு படிப்பவர்களுக்கு இது பயன்படும். கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்கலாக 16 எழுத்துகளும், நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்துகளும் வர வேண்டும் என்பது இலக்கணம். ஒற்று நீங்கலாக எண்ண,

(+/∆<3006)-+/∆∊32 2947 3021

என்ற ஒரு வரி போதும். 32 என்பது சொற்களுக்கு இடையே உள்ள வெற்றிடம், 2947 ஆய்தம், 3021 புள்ளி. இம்மூன்றும் எத்தனை முறை வந்தனவோ அத்தனையைக் கழித்துவிடுகிறது. அபிராமி அந்தாதியின் நூறு பாடல்களும் கட்டளைக் கலித்துறையே ஆதலால், அதன் அடிகளை இட்டுச் சோதிக்கலாம். ஆனால் நிறுத்தக் குறிகளை நீக்கிவிட்டு இட வேண்டும். சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பை இட்டால் எழுத்தெண்ணிக்கை மாறக்கூடும். கணிப்பொறி கொடுத்ததை எண்ணுமே தவிர, எதைக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ் கற்றவர் அறிய வேண்டியது.

திறந்து பார்க்கும் உரிமை

1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 'க்னூ' என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கு அதனை இயக்கவும், உள்ளே பார்த்துக் கற்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. அதன்படி வெளிவந்துள்ள க்னூ ஏ.பி.எல்., 2001-இல் வெளியான 13751 என்னும் எண்ணுள்ள பன்னாட்டுத் தரத்தைப் பின்பற்றி, சி++ மொழியில் எழுதப்பட்டது. அதன் மூலநிரல் முழுவதும் நம் கைக்குக் கிடைக்கிறது. நம் துறை ஆய்வகத்தின் பழைய கணிப்பொறி ஒன்றிலேயே அதனை இயந்திர மொழிக்கு மாற்றி இயக்க முடிந்தது.

ஏ.பி.எல்.லில் ஆங்கிலம் தலைகாட்டும் முக்கியமான இடம் பிழைச் செய்தி. 1 2 3+4 5 என்று எழுதினால், மூன்று எண்களையும் இரண்டு எண்களையும் எப்படிக் கூட்டுவது என்று அது ஆங்கிலத்தில் மறுக்கிறது. தவறு நேரும் வேளையில்தான் மாணவனுக்கு விளக்கம் மிகவும் தேவை. அந்த வேளையில்தான் புரியாத மொழி குறுக்கே வந்து நிற்கிறது. ஆகவே மூலநிரலில் இச்செய்திகள் தொகுத்து வைக்கப்பட்டுள்ள கோப்பைத் தேடி எடுத்து, என் பிரதியில் அவற்றைத் தமிழாக்கினேன்.

எளிய வேலை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் பொருளை ஆராய வைத்தது. 'லெங்த் எரர்' என்பதற்கு 'நீளப் பிழை' என்று உடனே வைக்கலாம். 5÷0 என்றால் வரும் 'டொமைன் எரர்' எல்லையைக் குறிக்கிறதா, ஆட்சிப் பகுதியைக் குறிக்கிறதா? இரண்டும் அன்று. தமிழ்வழிக் கணிதப் பாடநூலில் சார்புகளுக்கு நாம் படித்த 'சார்பகம்' என்பதே அது. வகுத்தல் என்ற சார்பின் சார்பகத்துக்கு வெளியே பூச்சியம் இருக்கிறது. 'சார்பகப் பிழை' என்றவுடன் செய்தி முழுவதும் விளங்கிவிடுகிறது. 'ரேங்க் எரர்' என்பதற்குத் 'தரப் பிழை' என்று வைத்தால் தவறாகிவிடும். அணியின் 'தரம்' என்று நாம் படித்தது வேறு. இங்கே அச்சொல் எத்தனை பரிமாணங்கள் என்பதைக் குறிக்கிறது. எனவே 'பரிமாணப் பிழை' என்று வைத்தேன்.

ஒவ்வொரு பிழைக்கும் உள்ளே எண்களும் உண்டு. நீளப் பிழைக்கு 5 3, சார்பகப் பிழைக்கு 5 4. நிரல்கள் பிழையை இவ்வெண்களைக் கொண்டும் அறியும் என்பதால் அவற்றை நான் தொடவில்லை. மேலும், இம்மென்பொருளுடன் ஏராளமான சோதனைக் கோப்புகள் வருகின்றன. இன்ன வரிக்கு இன்ன விடை வர வேண்டும் என்று அவை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. அவற்றில் ஆங்கிலச் செய்திகளே எதிர்பார்க்கப்படுவதால், தமிழாக்கிய பிரதி அச்சோதனைகளில் தேறாது. எனவே எல்லார்க்கும் பயன்பட வேண்டுமானால் ஆங்கிலத்தை நீக்கிவிட்டுத் தமிழை வைப்பது முறையன்று. வேண்டியவர் வேண்டிய மொழியைத் தெரிந்துகொள்ளும் வசதியாக அதனை அமைக்க வேண்டும். இப்போது நான் செய்துவருவது அவ்வேலையே. ஒரு மென்பொருளைத் திருத்துவது என்பது நமக்கு வேண்டியதைச் செய்துகொள்வது மட்டுமன்று, பிறர் அதனை நம்பி என்ன செய்கிறார்கள் என்று அறிவதும் ஆகும் என்பதை இதனால் உணர்ந்தேன்.

குறைகளும் உண்டு

இம்மொழியைக் கண்டித்த பேரறிஞர்களும் இருக்கிறார்கள். டச்சு நாட்டு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975-இல் எழுதிய குறிப்பொன்றில் இதனை ஒரு தவறென்றே சாடினார். ஒருவர் எழுதிய வரியைப் பிறர் படிப்பது கடினம் என்பது பலரும் கூறும் குறை. ஒரே வரியில் எல்லாவற்றையும் திணிக்கும் ஆசையை இம்மொழி தூண்டுகிறது என்பதும் உண்மை. குறிகளைத் தட்டும் தொல்லையைக் கருதி, ஐவர்சனே பிற்காலத்தில் ரோஜர் ஹூயி என்பவருடன் சேர்ந்து, சாதாரண விசைப்பலகைக் குறிகளை மட்டும் கொண்ட 'ஜே' என்ற மொழியை 1990-இல் உருவாக்கினார். அதன் மூலநிரலும் 2011-இல் திறந்து விடப்பட்டது. வேலைவாய்ப்புக்கு இன்று ஏ.பி.எல். மட்டும் போதாது. பைத்தானும் சியும் கற்றே ஆக வேண்டும். ஆங்கிலமும் கற்றே ஆக வேண்டும். நானும் கற்று வருகிறேன்.

ஆயினும் நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆங்கிலச் சொல் இல்லாத இடத்தில், பகா எண்ணின் வரையறையை நிரலாக எழுதவும், தமிழ் எழுத்தை எண்ணவும் நம்மால் முடிகிறது என்றால், நமக்கு வராதது கணிப்பொறி அன்று. ஆங்கிலம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அது உழைத்தால் வரும். ஒன்பதாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவர் பின்னர் ஹார்வர்டில் பாடம் நடத்தியிருக்கிறார். நாமோ கல்லூரிக்கே வந்துவிட்டோம்.

விருப்பமுள்ள நண்பர்கள், எத்துறையினராயினும், கணிதத்துறை ஆய்வகத்துக்கு வரலாம். சன்னல் ஓரத்துக் கணிப்பொறியில் இம்மென்பொருள் உள்ளது. குறிகளின் விசைப் படத்தைத் தமிழ் விளக்கத்துடன் எழுதி அதன் அருகே சுவரில் ஒட்டியிருக்கிறேன். பிழைச் செய்திகளுக்கு இன்னும் நல்ல தமிழ்ச் சொல் தோன்றினால், அதன் கீழேயே எழுதிவிட்டுப் போகுமாறு வேண்டுகிறேன்.